ப்ளைவுட் மீன்தொட்டி ஒழுகுது, வடிகால் கத்துது: எந்த அறிகுறிக்கு எங்க கை வைக்கணும்

முதல்ல என் தொட்டி என்னன்னு சொல்லிடறேன், அப்பதான் கீழ வர்ற கணக்கெல்லாம் புரியும். வெளியளவு 8 அடி நீளம், 3 அடி அகலம், 2½ அடி உயரம். 18 எம்எம் மெரைன் ப்ளை, முன்னாடி மட்டும் 12 எம்எம் கண்ணாடி ஜன்னல், உள்ள எபாக்ஸி (ரெசினும் ஹார்டனரும் கலந்து அடிக்கிற தண்ணி புகாத பூச்சு), கீழ ஒரு சம்ப், அதாவது தொட்டியில இருந்து வடியுற தண்ணியை வாங்கி மோட்டர் மூலமா திருப்பி மேல அனுப்புற ரெண்டாவது சின்னத் தொட்டி. தண்ணி மட்டம் 65 செ.மீ. வரைக்கும், அதாவது சுமார் 1,370 லிட்டர். பெங்களூர்ல லிங்கராஜபுரம் பக்கம் கிரவுண்ட் ஃப்ளோர் வீடு, அதனாலதான் இந்த சைஸுக்கே துணிஞ்சேன். வீட்டுத் தளத்துக்கு ஐஎஸ் 875ங்கிற இந்தியத் தரநிலைக் கணக்குல ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோன்னுதான் லோடு எடுப்பாங்க, இந்தத் தொட்டி தண்ணி மட்டுமே சதுர மீட்டருக்கு 650 கிலோ கிட்ட வருது. மாடி வீட்டுல இருக்கிறவங்க மேற்கொண்டு படிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

கட்டி முடிச்ச முதல் மூணு மாசத்துல வரக்கூடிய கோளாறு கிட்டத்தட்ட எல்லாமே எனக்கு வந்துச்சு. ஒண்ணு விடாம. அதுல நான் பண்ண பெரிய தப்பு, தரையில ஈரத்தைப் பார்த்த உடனே சிலிக்கான் கன்னைத் தூக்கிட்டு ஓடினது. ஈரம் தெரியுற இடம் வேற, தண்ணி நுழையுற இடம் வேற. ப்ளைவுட்டுக்குள்ள தண்ணி போயிடுச்சுன்னா அடுக்கு அடுக்கா பக்கவாட்டுல ஓடி, மூணு அடி தள்ளி எங்கயோ போய் எட்டிப் பார்க்கும். அதனால எந்த அறிகுறியா இருந்தாலும் மொதல்ல தண்ணி எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கணும், கை வைக்கிறது அப்புறம்தான்.

தொட்டிக்குக் கீழ ஈரமா இருக்கு

இது ஒழுகல்தானான்னே முதல்ல சந்தேகப்படுங்க. மோட்டரை நிறுத்துங்க, தரையை நல்லா துடைச்சு ஃபேன் போட்டு காயவிடுங்க, தொட்டியைச் சுத்தி காய்ஞ்ச கோலமாவைத் தூவி விடுங்க. அரிசிமாவு வேண்டாம், எறும்பு வந்துடும், கல்லுமாவு போதும். எங்க மாமியார் ரெண்டு படி மாவு காணாம போச்சுன்னு தேடிட்டு இருந்தாங்க, பார்த்தா நான் ஹால்ல உக்காந்து மீன்தொட்டிக்குக் கோலம் போட்டுட்டு இருக்கேன். ஆனா இதைவிட நல்ல லீக் டிடெக்டர் கிடையாது, ஒரு சொட்டு விழுந்தாலும் வெள்ளை மாவு சாம்பல் கலரா மாறி இங்கதான்னு காட்டிக்கொடுத்துடும்.

மோட்டர் நிறுத்தி ஆறு மணி நேரம் கழிச்சும் மாவு காய்ஞ்சே இருந்தா, தொட்டி நல்லாதான் இருக்கு, குழாய் லைன்ல இல்ல ஓவர்ஃப்ளோ பக்கம்தான் விஷயம். மாவு நனைஞ்சிருந்தா தொட்டியேதான்.

தண்ணி மட்டம் இறங்குதுன்னு மட்டும் வச்சு ஒழுகல்னு முடிவு பண்ணாதீங்க. இவ்வளவு பெரிய திறந்த பரப்புல ஆவியாகறதே கணிசமா இருக்கும், அதுவும் மார்ச் ஏப்ரல்ல பெங்களூர் காத்து எப்படி வறண்டு கிடக்கும்னு தெரியுமே. ஒரு வழி இருக்கு: ஒரு பக்கெட்ல அதே தண்ணியை எடுத்து தொட்டிக்குப் பக்கத்துல வைங்க, மோட்டர் ஹீட்டர் எல்லாம் ஆஃப், ரெண்டுலயும் மட்டத்துல ஒரு டேப் ஒட்டுங்க. மறுநாள் பக்கெட்ல 3 எம்எம் இறங்கி தொட்டியிலயும் 3, 4 எம்எம் இறங்கியிருந்தா அது ஆவி. பக்கெட்ல 3, தொட்டியில 12ன்னா மிச்சம் 9 எம்எம் எங்கயோ ஒழுகுது. என் தொட்டியில 1 செ.மீ. இறங்கினா சுமார் 21 லிட்டர், அப்ப 9 எம்எம்னா ஒரு கேனு தண்ணி. அவ்வளவு தண்ணி தரையில தெரியலைன்னா அது ப்ளைவுட்டுக்குள்ள உக்காந்திருக்குன்னு அர்த்தம், இதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

இன்னொரு வழியும் இருக்கு, பொறுமை உள்ளவங்களுக்கு. மீன்களை வேற இடத்துக்கு மாத்திட்டு தொட்டியை அப்படியே விட்டுடுங்க, தண்ணி இறங்கி எந்த மட்டத்துல தானா நிக்குதோ அந்த உயரத்துலதான் ஓட்டை. எனக்கு சரியா டேங்க் கனெக்டர் (தொட்டிப் பலகையில ஓட்டை போட்டு குழாயை மாட்டற சாமான்) கீழ்விளிம்புல வந்து நின்னுச்சு. அதுக்குள்ள நான் வெளிப்பக்கம் நாலு இடத்துல எம்-சீல் வச்சு அழகு பார்த்திருந்தேன். வெளியே வைக்கிற எதுவும் நிக்காது, உள்ளிருந்து வர்ற அழுத்தம் அதைத் தள்ளிவிட்டுடும், போதாக்குறைக்கு தண்ணி வெளிய வர்ற வழியை அடைச்சா அது ப்ளைக்குள்ளயே தங்கி ஊறும்.

டேங்க் கனெக்டர்ல கசியுது

ஹார்ட்வேர் கடையில டேங்க் கனெக்டர், டேங்க் நிப்பிள்னு என்ன பேர்ல கேட்டாலும் அதே சாமான்தான் குடுப்பாங்க. சொட்டுச் சொட்டா வந்தா மூணு காரணம்தான்.

ஒண்ணு, ரப்பர் வாஷர் தப்பான பக்கம். வாஷர் தண்ணி இருக்கிற பக்கம், அதாவது உள்பக்கம் ஃபிளான்ஜுக்கு (கனெக்டரோட அகலமான விளிம்புக்கு) அடியில இருக்கணும், நட்டு வெளிப்பக்கம். எங்க பிளம்பர் சின்டெக்ஸ் டேங்க்கு போட்ட பழக்கத்துல வெளியே ஒரு வாஷர் போட்டு நல்லா முறுக்கிட்டார், வாஷர் பிதுங்கிப் போச்சு. கையால இறுக்கி, அதுக்கு மேல ஸ்பேனர்ல கால் சுத்து, அவ்வளவுதான். ஆத்திரத்துல முறுக்கினா ஃபிளான்ஜ்ல மயிரிழை மாதிரி விரிசல் விழும், கண்ணுக்குத் தெரியாது, கனெக்டரையே மாத்தணும்.

ரெண்டு, எபாக்ஸி பரப்பு சமமா இல்ல. பிரஷ்ல அடிச்ச அலை அலையான பரப்பு மேல வாஷர் உக்காராது. ஒரு சின்ன மரக்கட்டையில 120 நம்பர் எமரி பேப்பர் சுத்தி வட்டமா தேய்ச்சு சமம் பண்ணுங்க. எபாக்ஸி தேய்ஞ்சு மரம் தெரிஞ்சா மறுபடியும் ஒரு கோட்.

மூணாவதுதான் மோசம், என்னோடது இதுதான். ஓட்டை போட்டோம், ஆனா ஓட்டைக்குள்ள தெரியுற ப்ளை விளிம்புக்கு எபாக்ஸி போடவே இல்ல. மரத்தோட வெட்டுமுகம் உறிஞ்சு பேப்பர் மாதிரி, ஒரு பக்கம் ஈரம் பட்டாப் போதும், மளமளன்னு இழுத்துக்கும். சரியான முறை என்னன்னா, வேணுங்கிற ஓட்டையைவிட 10, 12 எம்எம் பெருசா போட்டு, அந்த இடம் முழுக்க மரத்தூள் கலந்த எபாக்ஸியைக் கெட்டியா நிரப்பி, ரெண்டு நாள் காயவிட்டு, அதுக்கு நடுவுல சரியான அளவுல மறுபடி துளை போடணும். அப்ப கனெக்டரைச் சுத்தி மரமே இருக்காது, எபாக்ஸி வளையம்தான் இருக்கும். வாஷர் ஒருநாள் தோத்தாலும் ப்ளை ஊறாது. இதையெல்லாம் பொட்டி சேர்க்கறதுக்கு முன்னாடி பலகையாப் படுக்க வச்சிருக்கும்போதே செஞ்சா அரைமணி வேலை, கட்டின பிறகுன்னா தொட்டிக்குள்ள தலைகீழா தொங்கிட்டு செய்யணும். அதனாலதான் சொல்றேன், வடிகால் எங்கெங்க வரணும்னு முடிவு பண்ணாம ஆசாரியை ரம்பத்தைத் தொட விடாதீங்க.

கண்ணாடி ஓரத்துல கசியுது

கண்ணாடி உள்பக்கம் இருந்து ஒட்டியிருக்கான்னு முதல்ல பாருங்க. உள்ளிருந்து ஒட்டினா தண்ணி அழுத்தம் கண்ணாடியை சட்டத்தோட சேர்த்து அமுக்கும், வெளியிலிருந்து ஒட்டினா பிச்சுத் தள்ளும். என் தொட்டி முன்பக்கத்துல மட்டும் சுமார் அரை டன் விசை வருது, சிலிக்கான் அதையெல்லாம் தாங்கிப் பிடிக்காது. வெளியிலிருந்து ஒட்டியிருந்தா ரிப்பேர் எல்லாம் கிடையாது, கழட்டி மாத்துங்க.

உள்ள இருந்தும் கசிஞ்சா, பெரும்பாலும் கண்ணாடியை வச்சு அமுக்கும்போது சிலிக்கான் மொத்தமும் பிதுங்கி வெளிய போயிருக்கும், நடுவுல பேப்பர் கனத்துக்குத்தான் மிஞ்சியிருக்கும். 3 எம்எம் ரப்பர் துண்டு நாலஞ்சு இடத்துல வச்சு அதுக்கு மேல கண்ணாடியை உக்கார வச்சா அந்த 3 எம்எம் மெத்தை நிக்கும்.

பழைய சிலிக்கான் மேல புதுசு ஒட்டாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் மேல ஒரு கோடு இழுத்துவிட்டுப் பார்ப்போம்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க, நானும் அப்படித்தான், மூணாவது நாளே நூல் மாதிரி உரிஞ்சு கையோட வந்துச்சு. பிளேடால முழுசா சுரண்டி, ஸ்பிரிட் போட்டு துடைச்சு, எபாக்ஸி பக்கத்தை 100 நம்பர் பேப்பர்ல சொரசொரப்பாக்கி, அப்புறம்தான் புதுசு. பாத்ரூமுக்குன்னு விக்கிற பூஞ்சை வராத சிலிக்கானை எடுத்துடாதீங்க, அதுல இருக்கிற மருந்து மீனுக்கு விஷம். வினிகர் வாசனை வர்ற சாதாரண சிலிக்கான், அக்வேரியத்துக்குன்னு போட்டது, அதுதான் வேணும். ஈரக்காத்து பட்டு வெளியிலிருந்து உள்நோக்கித்தான் அது இறுகும், ஒரு நாளைக்கு 2, 3 எம்எம்தான், அதனால கண்ணாடிக்கு அடியில அகலமா இருக்கிற பட்டை இறுக வாரக்கணக்காகும். மூக்கை வச்சுப் பாருங்க, வினிகர் வாசனை வந்தா இன்னும் ஆகல.

எபாக்ஸி கொப்புளம் விடுது, பலகை உப்புது

ஒரு அஞ்சு ரூபாய் காசை எடுத்து உள்பக்கம் எல்லா இடத்துலயும் தட்டிட்டே வாங்க. நல்ல இடத்துல டக் டக்குன்னு கெட்டியா கேக்கும், பிரிஞ்ச இடத்துல டொப் டொப்புன்னு காலி டப்பா மாதிரி கேக்கும். சாக்பீஸ்ல வட்டம் போட்டுட்டே போங்க. எங்க ஆசாரி அண்ணன், கிருஷ்ணகிரிக்காரர், காசெல்லாம் இல்லாம கட்டைவிரல் நகத்தால தட்டியே சொல்லிட்டார், "இங்க செத்துப் போச்சு சார், இங்கயும், மூலையில மட்டும் உயிர் இருக்கு"ன்னு. நான் காசு போட்டு சரிபார்த்தேன், ஒரு இடம்கூட தப்பில்ல.

காரணம் என்னன்னு கொப்புளத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிடலாம். ஊசிமுனை மாதிரி பொடிப்பொடியா ஓட்டை நிறைய இருந்தா, காலைல அடிச்சிருக்கீங்க. வெயில் ஏற ஏற மரத்துக்குள்ள இருக்கிற காத்து சூடாகி விரிஞ்சு, ஈர எபாக்ஸியைக் குத்திக்கிட்டு வெளிய வரும். சாயங்காலம், சூடு இறங்குற நேரத்துல அடிச்சா மரம் எபாக்ஸியை உள்ள இழுத்துக்கும். ஒரு கோட் அப்படியே ஏடு மாதிரி உரிஞ்சா, ரெண்டு கோட்டுக்கு நடுவுல மெழுகு மாதிரி ஒரு படலம் விழுந்திருக்கு. ஜூலை, ஆகஸ்ட்ல இங்க எப்பவும் ஈரக்காத்துதானே, அப்ப அமீன் கலந்த ஹார்டனர் மேல வந்து பிசுபிசுன்னு படியும். தின்னர் போட்டு துடைச்சா பரவத்தான் செய்யும், அது தண்ணியில கரையிற சமாச்சாரம். வெதுவெதுப்பான தண்ணியும் பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்கிரப்பரும் போட்டு தேய்ச்சு, துடைச்சு, காஞ்சதும் எமரி போட்டு, அப்புறம் அடுத்த கோட்.

நாலு நாள் ஆகியும் விரல்ல ஒட்டுதுன்னா கலவை விகிதம் தப்பு. டப்பாவுல போட்டிருக்கிறது எடைக்கணக்கா, அளவுக்கணக்கான்னு பார்க்காம ஊத்தினா இப்படித்தான். இது மேல இன்னொரு கோட் அடிச்சு மறைக்கவே கூடாது. சுரண்டி எடுத்தே ஆகணும், அழுதுட்டே எடுங்க. அப்புறம் மொத்தமா ஒரு பக்கெட்ல கலக்காதீங்க, கெட்டிப்படும்போது அதுவே சூடாகும், கனமா இருந்தா புகையே வரும். நான் ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய கலந்து வச்சுட்டு போன் பேசப் போயிட்டேன், திரும்பி வந்தா டப்பா உருகிப் போய் தரை டைல்ஸோட ஒட்டியிருந்துச்சு. அந்த வட்டத்தழும்பு இன்னும் இருக்கு.

மூலையிலயே உரியுதுன்னா, நேர் 90 டிகிரி மூலையில ஃபைபர் துணி (எபாக்ஸியோட சேர்த்து ஒட்டுற கண்ணாடியிழைத் துணி) மடங்காது, அடியில காத்து நிக்கும். மரத்தூள் எபாக்ஸியை மூலையில கட்டைவிரல் கனத்துக்கு வளைவா பூசிட்டு அதுக்கு மேல துணி போடுங்க. கடையில ஃபைபர் மேட்னு கேட்டா நார் நாரா அமுக்கின பாயைக் குடுப்பாங்க, அதுல இருக்கிற பசை பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன்ல கரையற மாதிரி போட்டது, எபாக்ஸியில சரியா இளகாது, வெள்ளைத் திட்டு நிக்கும். எபாக்ஸிக்கு நெய்த கிளாத்தையே கேட்டு வாங்குங்க.

இதையெல்லாம் சரியா பண்ணியும் பலகை உப்பினா அந்த ப்ளையே ஏமாத்து. ஐஎஸ் 710 முத்திரைங்கிறது 72 மணி நேரம் கொதிக்கவச்சாலும் அடுக்கு பிரியாத ப்ளைக்குக் குடுக்கிறது. சீல் இருக்குங்கிறதை மட்டும் நம்பாம, மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட் பக்கம் எங்க வாங்கினாலும் ஒரு துண்டு வாங்கி வீட்டு குக்கர்ல போடுங்க, 72 மணி நேரம் வேண்டாம், ஒரு நாள் முழுக்க விட்டு விட்டு கொதிக்கவச்சாலே மட்டமான சரக்கு புத்தகம் மாதிரி விரியும். பழைய குக்கரா பாத்து எடுங்க, இல்லாட்டி வீட்டுல பிரச்சனை.

முன்பக்கம் வயிறு தள்ளுது

ஒரு நூலை இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு மேல்விளிம்புல இழுத்துக் கட்டி நடுவுல எவ்வளவு தள்ளியிருக்குன்னு அளங்க. என்னோடது 9 எம்எம். நல்லாதான் இருக்குன்னு நானும் நெனச்சேன், பத்து நாள் கழிச்சு அளந்தா 11. நிக்காம போயிட்டே இருக்கிறதுதான் அபாயம். எவ்வளவு இருந்தாலும் ஒரே அளவுல நின்னுட்டா பரவால்ல, ஏறினா சும்மா இருக்காதீங்க.

மறக்காதீங்க, நீளத்தைக் கூட்டறதைவிட உயரத்தைக் கூட்டறதுதான் கொல்லும். தண்ணி உயரம் ரெண்டு மடங்கானா அந்தச் சுவர் மேல விழற விசை நாலு மடங்கு. 2 அடியில நல்லா நின்ன டிசைனை 3 அடிக்கு அப்படியே ஏத்தறவங்கதான் ஹால்ல தண்ணி பார்க்கறாங்க.

நான் செஞ்சது: தண்ணியைப் பாதிக்கும் கீழ இறக்கினேன், மேல முன்னுக்கும் பின்னுக்கும் குறுக்கா 6 இன்ச் அகல ப்ளை பட்டை ரெண்டு, நீளத்தை மூணா பிரிச்ச மாதிரி, எபாக்ஸியும் எஸ்எஸ் ஸ்க்ரூவும் போட்டு. சுத்தி மேல்விளிம்புக்கும் ஒரு சட்டம். தண்ணி இருக்கும்போதே பார் கிளாம்ப் போட்டு இழுத்து நேராக்கலாம்னு ஆசாரி கிளம்பினார், தடுத்துட்டேன், பலகை நேராகும், கண்ணாடி ஓர சிலிக்கான் பிஞ்சுடும். திரும்ப நிரப்பினதும் 3 எம்எம், ஆறு மாசமா 3 எம்எம்தான்.

கரண்ட் போனா சம்ப் பொங்குது

இதுக்கு ரிப்பேரே தேவையில்ல, கணக்குதான் தேவை. மோட்டர் நின்னதும் ரிட்டர்ன் பைப் (சம்புல இருந்து தண்ணியை மேல தொட்டிக்குக் கொண்டு போறது) தலைகீழா சைஃபனா மாறி, தொட்டித் தண்ணியை பைப் வாய் வெளிய தெரியுற வரைக்கும் சம்புக்கு இழுத்துவிடும். என் ரிட்டர்ன் வாய் தண்ணிக்கு 6 செ.மீ. கீழ இருந்துச்சு. 6 இன்டூ 21, 126 லிட்டர். சம்ப் மொத்தமே 190 லிட்டர், அதுல ஓடும்போதே 120 இருக்கும், மிச்ச இடம் 70. அப்ப 56 லிட்டர் எங்க போகும்? சோபாவுக்கு அடியில போச்சு. மே மாச கோடை மழை, ராத்திரி இடி இடிச்சு கரண்ட் போய், எங்க வீட்டுக்காரி இருட்டுல தண்ணி குடிக்க எழுந்து வந்து, "ஏங்க, ஹால்ல கால் வச்சா சளக் சளக்குங்குது, மீன் வந்து நிக்குதா பாருங்க"ன்னா.

வாயை 2 செ.மீ. ஆழத்துக்கு ஏத்திட்டேன், இப்ப 42 லிட்டர்தான் இறங்குது. கூடவே ரிட்டர்ன் பைப்ல தண்ணி மட்டத்துக்கு ஒட்டி கீழ 4 எம்எம் துளை ஒண்ணு, அது வெளிய தெரிஞ்சதும் காத்து உள்ள போய் சைஃபன் உடைஞ்சுடும். அதுல பாசி அடைக்கும், மாசத்துக்கு ஒருதரம் குச்சி விட்டுக் குத்துங்க. நான்-ரிட்டர்ன் வால்வுன்னு, தண்ணியை ஒரே பக்கம் மட்டும் விடுற வால்வு ஒண்ணு போட்டா போதுமேம்பாங்க, ஒரு நத்தை போய் நடுவுல உக்காந்தா முடிஞ்சுது கதை. அதை மட்டும் நம்பாதீங்க.

எதிர்ப்பக்கமும் கணக்குப் போடணும். வடிகால் அடைச்சுக்கிட்டா மோட்டர் சம்ப் தண்ணியை எல்லாம் மேல ஏத்தும். மோட்டர் இருக்கிற அறையில 60 லிட்டர்தான் நிக்கிற மாதிரி தடுப்பு வச்சிருக்கேன், அது முழுசா மேல போனாலும் தொட்டி 3 செ.மீ.தான் ஏறும், மேல 8 செ.மீ. காலி இருக்கு. மோட்டர் காத்து இழுத்து கத்தும், அதுதான் அலாரம்.

வடிகால் களக் களக்னு கத்துது, ஃப்ளஷ் மாதிரி விட்டு விட்டு இழுக்குது

கொஞ்ச நேரம் அமைதியா இருந்து, மட்டம் ஏறி, திடீர்னு ஹோன்னு இழுத்து, மறுபடி அமைதின்னா, பைப் சைஃபன் பிடிக்கிறதும் விடுறதுமா தடுமாறுது. ஒரே ஒரு நிக்கிற பைப் இருக்கிறவங்க மேல மூடியில சின்ன ஓட்டை போட்டு ஏர் பம்புக்கு வர்ற குட்டி வால்வை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமா திறந்து பாருங்க, ஒரு இடத்துல சத்தம் அடங்கும். இதை டூர்சோன்னு சொல்லுவாங்க. நான் ரெண்டு பைப்புக்கு மாறிட்டேன், ஹெர்பி முறை. ரெண்டும் ஒன்றரை இன்ச், ஒண்ணு முழுக்க தண்ணியாவே ஓடும், காத்தே கிடையாது, சம்புக்கு மேல அதுல ஒரு கேட் வால்வு. இன்னொண்ணு கொஞ்சம் உயரமா சும்மா நிக்கும், அதுல வால்வும் கிடையாது ஒண்ணும் கிடையாது, முதலாவது அடைச்சா இது காப்பாத்தும். பால் வால்வு போட்டு டியூன் பண்ண முயற்சி பண்ணாதீங்க, மயிரிழை திருப்பினா லிட்டர் கணக்குல மாறும்.

சம்புல பைப் நுனி தண்ணிக்குள்ள ஒரு இன்ச்சுக்கு மேல முங்கியிருந்தா ஸ்டார்ட் ஆகும்போது உள்ள மாட்டின காத்து வெளிய போக முடியாம முக்கும். எனக்கு 6 இன்ச் முங்கியிருந்துச்சு, ஆக்சா பிளேடால அறுத்ததும் பாதி சத்தம் போச்சு. 90 டிகிரி எல்போ இருக்கிற இடத்துல எல்லாம் ரெண்டு 45 போட்டு மாத்தினதுல மீதி.

தண்ணி மாத்தும்போது பால்கனி நிரம்புது

வாராவாரம் கால்பங்கு மாத்துறேன், சுமார் 340 லிட்டர். 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டை வச்சுப் பார்த்தேன், என் 1 இன்ச் வடிகால் அரை நிமிஷத்துல நிரப்புது, நிமிஷத்துக்கு 40 லிட்டர். வீட்டு நானி ட்ராப் (தரையில ஜாலி போட்ட வடிகால் வாய்) குளிக்கிற தண்ணிக்குப் போட்டது, அதுலயும் தலைமுடி, சோப்பு அழுக்கு. பாதிதான் இழுக்கும், மீதி வாசலைத் தாண்டும். ட்ராப்பைக் கழட்டி சுத்தம் பண்ணுங்க, அப்பவும் தாங்கலைன்னா வால்வைப் பாதி திறங்க, இல்ல தனி லைன் போட்டு வெளிய இருக்கிற சாக்கடை சேம்பருக்கே கொண்டு போங்க. அடிக்கு கால் இன்ச் சரிவு விட்டு, நடுவுல மேடு பள்ளம் இல்லாம. மேடு இருந்தா காத்து மாட்டும், பள்ளத்துல மீன் கழிவு தங்கி நாறும்.

நான் அந்தத் தண்ணியை இப்ப சாக்கடைக்கே விடறதில்ல. 2024 மார்ச்ல இங்க எப்படித் தவிச்சோம்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், காவேரித் தண்ணியை கார் கழுவ, தோட்டத்துக்கு ஊத்தினா 5,000 ரூபா ஃபைன்னு போட்டாங்க. நூறு கிலோமீட்டர் பம்ப் பண்ணி வர்ற தண்ணியை வச்சு லீக் டெஸ்ட் பண்ண மனசு வரல, போர் தண்ணியில பண்ணி, அதையே ரெண்டு வாரம் கக்கூஸ் ஃப்ளஷுக்கு ஊத்தினோம். மீன் இருக்கிற தண்ணின்னா செடிக்கு அமிர்தம், எதிர்வீட்டு அக்கா டிரம்மோட வந்து நிக்கறாங்க.

அப்புறம் அந்த மாத்துற வடிகாலை அடிப்பலகையில போடாதீங்க. நான் போட்டேன். வால்வு ஒழுகினா தொட்டியே காலி. பக்கவாட்டுல, அடியிலிருந்து ஒரு சாண் மேல போட்டா எது தோத்தாலும் மீன் நீந்தற அளவு தண்ணி மிஞ்சும்.

மீன் மேல வந்து வாயைப் பிளக்குது

புதுத்தொட்டின்னா மூணைச் சந்தேகப்படுங்க: முழுசா காயாத எபாக்ஸி, வினிகர் வாசனை போகாத சிலிக்கான், குளோரின் எடுக்காத குழாத்தண்ணி. தண்ணி மேல எண்ணெய் மாதிரி வானவில் படலம் நின்னா எபாக்ஸியைச் சந்தேகப்படுங்க. மீனை உடனே வேற தொட்டிக்கு மாத்துங்க, தண்ணி மொத்தமும் வெளிய, தொட்டியை ஒரு வாரம் ஃபேன் போட்டு காயவிட்டு, திரும்ப நிரப்பி நாலு நாள் வச்சு அந்தத் தண்ணியையும் கொட்டுங்க. சிவாஜிநகர்ல மீன் வாங்குற கடைக்காரர் சொன்னபடி முதல்ல ரெண்டே ரெண்டு மலிவான மீன் விட்டேன், பாவம்தான், ஆனா என் ஆஸ்கர் மீன் ஜோடியை விட்டுப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்ல.

வடிகால் பைப்ல இருந்து சாக்கடை வாடை

பைப்பை நானி ட்ராப்புக்குள்ள நேரா சொருகி சிமெண்ட் வச்சு அடைச்சிருப்பாங்க. பிரிச்சுடுங்க. பைப் வாய்க்கும் ட்ராப் ஜாலிக்கும் நடுவுல ரெண்டு இன்ச் காத்து இடைவெளி இருக்கணும், இல்லாட்டி மழைக்காலத்துல சேம்பர் நிரம்பி எதிர்த்தா அந்தத் தண்ணி உங்க வால்வு வரைக்கும் ஏறி வந்து நிக்கும். இடைவெளி விட்டும் வாடை அடிச்சா ட்ராப் வறண்டிருக்கு, ஒரு மக் தண்ணி ஊத்துங்க.